காற்றுக் கணக்கு

கணக்கு எழுதச் சொன்னவர் சிஸ்டர் லெங்கிவே.
எந்தத் தேதி, எத்தனை மணி,
முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள்.
டர்பனில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் நான்.
டெலிவரி நோட்டின் பின்பக்கங்கள் காலியாக இருந்தன.

மே ஒன்பது. விடிகாலை மூன்று. இருமல்.
சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
ஒரு வருடமாய் அதற்கு
ஐஸ்கிரீம் இருமல் என்று பெயர் வைத்துத் திட்டினோம்.
ஒரு வருடமாய்த் தேஷ்னி
ஐஸ்கிரீமைத் தொடவில்லை.
இருமல் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மே பதினான்கு. ரிஃபைனரிப் பக்கத்துக் காற்று.
மெரிபேங்க் முழுக்கக் கிழித்த தீக்குச்சி வாடை,
கொடியில் காயும் அவள் பள்ளிச் சட்டையிலும்.

மே பதினேழு, வெள்ளி. சாம்பிராணி.
நீலாவதி தூபக்காலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்,
பின்வாசலுக்கு எடுத்துப்போய்
முருகனிடம் ஏதோ முணுமுணுத்தாள்.
அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மே இருபது. பக்கத்து வீட்டுப் பூனை.
மே இருபத்தொன்று. பூனை வரவில்லை, ஆனாலும்.
ஜூன் மூன்று. பெட்டியிலிருந்து எடுத்த கம்பளி,
போன குளிர்காலத்துத் தூசியோடு.
ஜூன் ஆறு. நெட்பால். முதல் பாதி நன்றாக ஆடினாள்.

திருடன் வெளியே இருப்பான் என்று தேடினால்
பாதிப் பேர் நம் வீட்டு ஆட்கள்.

ஜூன் பதினொன்று. இதை மறுநாள்தான் எழுதினேன்.

அப்பா
எனக்கு
முடி
யல

இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு போதாமல்
கடன் வாங்கிக் கடன் வாங்கிப் பேசினாள்.
கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.
விலா எலும்பை எண்ணலாம்.
நெஞ்சுக்குள், பூட்டிய கதவுக்கு அடியில்,
யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அரை லிட்டர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு
அதில் சொருகியிருந்த நீலப் பம்பு.
ஒரு அழுத்து. இழு. இன்னும் ஒன்று. இழு.
ஆரஞ்சு ஜூஸ் லேபிளைக்கூட நாங்கள் கிழிக்கவில்லை.

பிறகு விசில் நின்றது.
அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன்.
சாய்ந்தேன் என்பதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நீலாவதிதான் உதட்டைப் பார்த்தாள்.
பருவமில்லாத பருவத்தில்
நாவல்பழம் தின்ற உதடு.

வண்டியில் தட்டுகள் குலுங்கக் குலுங்கப் போனோம்.
மூன்று ரோபோட், மூன்றும் சிவப்பு.
நிற்கவில்லை.

சத்தம் கேட்டால் காற்று போகிறது என்று அர்த்தம்,
சத்தமே இல்லாவிட்டால்தான் ஓடி வர வேண்டும் என்றார் சிஸ்டர்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
பழுப்புப் பம்பு எங்கே என்று கேட்டார்.
காலையும் மாலையும், நன்றாக இருக்கிற நாளிலும்
எடுக்க வேண்டியது.
நன்றாக இருக்கிறாளே என்று நிறுத்தியவன் நான்.
அதுவும் கணக்கில் இருக்கிறது.

என் தமிழ் அரைகுறை.
இளைப்பு தெரியும். இளைப்பாறு என்பதும் தெரியும்.
இரண்டும் ஒரே சொல்லின் முன்னும் பின்னும் என்று
வார்டு நாற்காலியில்தான் தெரிந்தது,
விடியும்போது,
அவள் விலாக்கள் ஒவ்வொன்றாய்
தோலுக்குள் திரும்பிப் போனதைப் பார்த்து.

கம்பளியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டோம்.
பூனைக்கு ஜன்னல் சாத்தினோம்.
சாம்பிராணிக்குப் பின்வாசல் இருக்கிறது.
புகைபோக்கியை
எந்த வாசலுக்குக் கொண்டுபோக?
அந்தப் பக்கத்தைச் சிஸ்டர் தனியாக நகலெடுத்துக்கொண்டார்.
இன்னும் பல வீட்டு நோட்டுகள் அவரிடம் உண்டாம்.

ஆகஸ்ட் மூன்று. என் தம்பி குகேந்திரன் வந்திருந்தான்.
சிவப்பில் நிற்காத ரொட்டி வண்டியை
நடித்துக் காட்டினான்.
தேஷ்னி உருண்டு உருண்டு சிரித்தாள்,
சிரிப்பின் வாலில் விசில்.

நோட்டை எடுத்தேன்.
காரணம்: சிரிப்பு என்று எழுதி, அடித்தேன்.
சிஸ்டரிடம் பொய் சொல்லக் கூடாது.
மறுபடி எழுதினேன்.

செய்தது: நீலம், இரண்டு அழுத்து.
பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார வைத்தோம்.
பிறகு:
சித்தப்பா, அந்த மூணாவது ரோபோட்டை மறுபடி செஞ்சு காட்டு
என்றாள், ஒரே மூச்சில்.